"கிருபையினால்" என்று எழுதியவளுக்கு மதிப்பெண் இல்லை: பேராயருக்கும் ஆயருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராயர் அவர்களுக்கும், மேதகு ஆயர் அவர்களுக்கும்,

எங்கள் ஊரில் ஒரே தெருவின் இரு முனைகளில் நிற்கும் தென்னிந்தியத் திருச்சபைக் கோயிலும் கத்தோலிக்கக் கோயிலும் முறையே தங்கள் இருவரின் பொறுப்பில் இருப்பதால், இந்த மடலை இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தனித்தனியே எழுதினால், குற்றம் தெருவின் மறுமுனையில்தான் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்ள இடமுண்டு. ஊரின் பெயரையும் குருமார்களின் பெயர்களையும் இங்கே குறிப்பிடவில்லை. இரு மாதங்களுக்கு முன் தங்கள் அலுவலகங்களுக்கு நான் பதிவு அஞ்சலில் அனுப்பி, இன்றுவரை பதில் வராத கடிதங்களில் அவை இருக்கின்றன.

ஆண்டுதோறும் சனவரி 18 முதல் 25 வரை நடைபெறும் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்தில், ஒரே ஒரு மாலை, இரு கோயில் மக்களும் ஒன்றுகூடிச் செபிப்பது எங்கள் ஊரின் வழக்கமாக இருந்தது. ஓர் ஆண்டு கத்தோலிக்கராகிய அவர்கள் கோயிலில், மறு ஆண்டு தென்னிந்தியத் திருச்சபையினராகிய எங்கள் கோயிலில். அந்த வழக்கம் இனி வேண்டாமென்று எங்கள் சேகரக் கமிட்டியும் அவர்களுடைய பங்குப் பேரவையும் ஒரே மாதத்தில் முடிவெடுத்திருக்கின்றன. ஜெர்மனியில் லூத்தர் சீர்திருத்தம் தொடங்கிய நாள்முதல் நீளும் ஐந்நூறு ஆண்டுப் பிணக்கில் இரு தரப்பும் இவ்வளவு விரைவாக ஒத்துப்போன காரியம் வேறொன்று இருக்குமா என்று தெரியவில்லை. கிரியைகளினால், அதாவது நற்செயல்களினால், இரட்சிப்பு என்று போதிப்பவர்களோடு ஐக்கியம் கூடாது என்பது எங்கள் கமிட்டி சொன்ன காரணம். நம்பினால் போதும், நற்செயல் தேவையில்லை என்பவர்களோடு பழகினால் நம் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பது அவர்கள் பேரவை சொன்ன காரணம். இந்த முடிவைவிட இந்தக் காரணங்களே என்னை எழுத வைத்தன. ஏனெனில் இரண்டும் பொய். கத்தோலிக்கத் திருச்சபை முதலாவதைப் போதிக்கவில்லை. சீர்திருத்தச் சபைகள் இரண்டாவதைப் போதிக்கவில்லை. ஓர் அயலானைப் பற்றிப் பொய்ச்சாட்சி சொல்லிவிட்டு, அதையே அவனோடு செபிக்காமல் இருப்பதற்குக் காரணமாகக் காட்டியிருக்கிறோம்.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். என் தகப்பனார் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர். என் தாயார் கத்தோலிக்கர், கடைசி மூச்சுவரை அப்படியே இருந்தவர். நான் தகப்பனாரின் சபையில் வளர்ந்தேன், இன்றும் அங்கேயே இருக்கிறேன். என் மகளை ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தேன். ஆகவே என் மகன் வயிற்றுப் பேத்தி எங்கள் கோயிலில் திடப்படுத்தல் வகுப்புக்கும், மகள் வயிற்றுப் பேத்தி அவர்கள் கோயிலில் மறைக்கல்வி வகுப்புக்கும் போகிறார்கள். ஞாயிறு மதியம் இருவரும் சாப்பிடுவது என் வீட்டில்தான்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, மகன் வயிற்றுப் பேத்தி தன் தேர்வுத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். "ரோமன் கத்தோலிக்கர் இரட்சிப்பு எதினால் உண்டாகிறது என்று போதிக்கிறார்கள்?" என்பது ஒரு மதிப்பெண் கேள்வி. வகுப்பில் நகலெடுத்துக் கொடுத்த குறிப்பின்படி விடை "கிரியைகளினால்". அவள் "கிருபையினால்" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி. ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன். "பூட்டியாச்சியோட செபப்புத்தகத்துல அப்படித்தானே ஆச்சி இருக்கு?" என்றாள்.

என் தாயாரின் அந்தப் புத்தகம் அட்டை கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்து, இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. பழைய கத்தோலிக்கத் தமிழில் "விசுவாச முயற்சி", "நம்பிக்கை முயற்சி", "தேவசிநேக முயற்சி" என்று மூன்று செபங்கள் அதில் உண்டு. என் தாயார் அடுப்பைத் தணித்துவிட்டுப் படுக்கப் போகும்போது அவற்றை முணுமுணுப்பார். அவற்றுள் நம்பிக்கை முயற்சியில் ஒரு பெண் தான் செய்த தருமத்தையோ இருந்த ஒருசந்தி நோன்பையோ நடந்துபோன திருயாத்திரையையோ சர்வேசுரனிடம் எடுத்துக் காட்டுவதில்லை. இயேசுநாதர் சிந்திய இரத்தத்தின் பலனைப் பார்த்து என் பாவத்தைப் பொறுத்து, இஷ்டப்பிரசாதத்தைத் தாரும் என்று மட்டுமே கேட்கிறாள். இஷ்டப்பிரசாதம் என்ற சொல்லை ஒரு தமிழாசிரியையாக எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். கொடுப்பவர் தம் விருப்பத்தால் கொடுப்பது, வாங்குபவரின் தகுதியால் வருவதன்று என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் கோயிலில் அதைத்தான் கிருபை என்கிறோம். பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் புரிந்த இது தேர்வுத்தாள் திருத்தியவருக்குப் புரியவில்லை.

நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இளையவளான மகள் வயிற்றுப் பேத்தி குறுக்கிட்டாள். அவளுடைய மறைக்கல்வி வகுப்பில், பிரிந்த சபையினர் எப்படி வேண்டுமானாலும் வாழலாம் என்பவர்கள் என்றும், அவர்களுடைய லூத்தரே "துணிந்து பாவம் செய்" என்று எழுதிவைத்தார் என்றும் சொல்லிக்கொடுத்தார்களாம். எழுதினார், உண்மைதான். 1521 ஆகஸ்டில் தன் நண்பர் மெலாங்தனுக்கு எழுதிய கடிதத்தில் அந்த வரி இருக்கிறது. ஆனால் அதே வாக்கியம், அதைவிடத் துணிவாகக் கிறிஸ்துவை விசுவாசித்து அவரில் மகிழ்ந்திரு என்று முடிகிறது. ஒரு வாக்கியத்தைப் பாதியில் வெட்டிப் பிள்ளைகளுக்குப் பாடமாக்குவதை எந்தப் பள்ளியிலும் நான் அனுமதித்ததில்லை.

ஒரே சாப்பாட்டு மேசையில் இரண்டு சிறுமிகள், ஒருத்தியின் சபையைப் பற்றி மற்றவள் கற்ற பொய்யோடு உட்கார்ந்திருந்தார்கள். அன்று மாலையே இரு கோயில் பொறுப்பாளர்களையும் நேரில் பார்த்தேன். எங்கள் குருவானவர், பாடக்குறிப்பு மேலிடத்திலிருந்து வந்தது, தம்மால் மாற்ற இயலாது என்றார். அவர்களுடைய பங்குத்தந்தை மிகவும் அன்பாகப் பேசினார், தேநீரும் கொடுத்தார். ஆனால் இவையெல்லாம் பெரியவர்கள் பேசவேண்டிய இறையியல், பிள்ளைகளைக் குழப்ப வேண்டாம் என்று முடித்துவிட்டார். குழப்பியது யார் என்று கேட்க வாயெடுத்து, வயது கருதி அடக்கிக்கொண்டேன். அடுத்த மாதம் கூட்டுச் செபமும் நின்றுபோனது.

தாங்கள் இருவரும் இறையியல் கற்றவர்கள். தங்களுக்குத் தெரிந்ததையே நான் எடுத்துச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். ஆனால் தங்களுக்குத் தெரிந்தது எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் என் குறையே.

கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1547 சனவரி 13 அன்று தன் ஆறாம் அமர்வில் நீதிமானாக்கப்படுதல், அதாவது பாவி கடவுளோடு சரியான உறவுக்குக் கொண்டுவரப்படுதல், பற்றிய ஆணையை வெளியிட்டது. லூத்தரின் போதனையை மறுக்கவே கூடிய சங்கம் அது. அந்த ஆணையில் 33 கண்டன விதிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்பதாவதை மட்டுமே எங்கள் கன்வென்ஷன் என்னும் நற்செய்திக் கூட்டங்களின் பிரசங்கிமார் மேற்கோள் காட்டுவார்கள்: விசுவாசத்தினால் மாத்திரமே பாவி நீதிமானாக்கப்படுகிறான் என்பதை அது கண்டிக்கிறது. முதலாவது விதியை எந்தப் பந்தலிலும் நான் கேட்டதில்லை. இயேசு கிறிஸ்துவின் வழியாக வரும் அருளின்றி, தன் சொந்தச் செயல்களால் மனிதன் கடவுள் முன் நீதிமானாக முடியும் என்று யாராவது சொன்னால் அவன் சபிக்கப்பட்டவன் என்று அந்த விதி சொல்கிறது. அதே ஆணையின் எட்டாம் அதிகாரம், நீதிமானாக்கப்படுவதற்கு முன் நிகழும் எதுவும், அது விசுவாசமாயினும் செயலாயினும், அந்த அருளைச் சம்பாதிக்காது என்கிறது. எங்கள் தேர்வுத்தாள் கத்தோலிக்கரின் போதனை என்று சொல்லும் அதே கருத்தை, 33 கண்டனங்களில் முதற்கண்டனமாகக் கத்தோலிக்கத் திருச்சபையே சபித்துவைத்திருக்கிறது. பாவப்பரிகாரப் பலன்களைக் காசாக்கிய இழிவைக்கூட அதே சங்கம் 1563இல், தன் இறுதி அமர்வில், கண்டித்தது. அந்தக் கண்டனம் லூத்தர் எழுந்து 46 ஆண்டுகள் கழித்து வந்தது என்று எங்கள் பக்கத்தார் சொல்வது நியாயம்தான். ஆனாலும் வந்தது.

இனி மறுபக்கம். 1530இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னிலையில் லூத்தர் பக்கத்தார் வாசித்த ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் நான்காம் பிரிவு விசுவாசத்தைப் பேசுகிறது. ஆறாம் பிரிவு, அந்த விசுவாசம் நற்கனிகளைக் கொடுத்தே தீரவேண்டும் என்கிறது. இருபதாம் பிரிவோ, நாங்கள் நற்செயல்களைத் தடைசெய்கிறோம் என்று எங்கள்மீது பொய்யாகக் குற்றம் சாட்டுகிறார்கள் என்றே தொடங்குகிறது. இளையவளின் மறைக்கல்வி வகுப்பில் சொன்ன குற்றச்சாட்டுக்கு 1530லேயே பதில் எழுதியாயிற்று. இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து வந்த ஆங்கிலிக்கன் மரபின் 39 பிரமாணங்களில் 11ஆவது விசுவாசத்தினால் மாத்திரம் என்றால், அடுத்த 12ஆவது, மரத்தைக் கனியால் அறிவதுபோல உயிருள்ள விசுவாசத்தை நற்கிரியைகளால் அறியலாம் என்கிறது. ஏட்டை விடுங்கள். பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய புளோரன்ஸ் சுவேன்சன் அம்மையார் எந்தச் சபையைச் சேர்ந்தவர்? உலை வைக்கும் முன் கோயிலுக்கென்று ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்த எங்கள் சபைப் பெண்கள் நற்செயல் தேவையில்லை என்று நம்பியவர்களா? என் தகப்பனாரின் தாயார், வீட்டில் அரை வயிற்றுக் கஞ்சி குடித்த நாளிலும் அந்தக் கைப்பிடியைக் குறைத்ததில்லை என்று என் தாயாரே, அந்தக் கத்தோலிக்க மருமகளே, எனக்குச் சொல்லியிருக்கிறார்.

இந்தச் சண்டை தீரும் தறுவாய்க்கு வந்த நாள்களும் உண்டு. 1541இல் ரேகன்ஸ்பர்க் நகரில் திருத்தந்தையின் தூதராக வந்த கர்தினால் கொந்தாரினியும், எதிர்ப்பக்கத்தில் சீர்திருத்தவாதிகளான மெலாங்தனும் பூசரும் இருந்த பேச்சுவார்த்தையில், நீதிமானாக்கப்படுதல் பற்றிய உரைக்கு இரு தரப்பும் இசைந்தன. நற்கருணையிலும் திருச்சபை அதிகாரத்திலும் முட்டிக்கொண்டு பேச்சு முறிந்தது. அந்த உரையை லூத்தரும் ஏற்கவில்லை, உரோமையும் ஏற்கவில்லை. அது முறிந்த கதையைத்தான் 458 ஆண்டுகள் எல்லாரும் சுமந்தோம்.

பிறகு 1999 அக்டோபர் 31 வந்தது. லூத்தர் தன் 95 வாதங்களை வெளியிட்டதன் நினைவு நாளில், அதே ஆக்ஸ்பர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகச் சம்மேளனமும் நீதிமானாக்கப்படுதல் குறித்த கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. அதன் 15ஆம் பத்தியைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: அருளினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில், நம்மிடமுள்ள எந்தப் பேறுபலனாலும் அல்லாமல், நாம் கடவுளால் ஏற்றுக்கொள்ளப்பட்டுத் தூய ஆவியைப் பெறுகிறோம், அந்த ஆவியே நம் இதயங்களைப் புதுப்பித்து, நற்செயல்களுக்கு நம்மை ஆயத்தப்படுத்தி அழைக்கிறார். இந்த அறிக்கையில் விளக்கியுள்ள அளவில், 16ஆம் நூற்றாண்டின் கண்டனங்கள் எதிர்த்தரப்பின் இன்றைய போதனையைத் தொடுவதில்லை என்றும் இரு தரப்பும் எழுதிக்கொடுத்தன. 2006இல் உலக மெதடிஸ்டு பேரவை இதில் இணைந்தது. 2016இல் ஆங்கிலிக்கன் ஆலோசனைக் குழு அதன் சாரத்தை ஏற்று உறுதி செய்தது. 2017 சூலையில் சீர்திருத்தத் திருச்சபைகளின் உலக ஐக்கியம் லூத்தர் வாழ்ந்த விட்டன்பர்க் நகரிலேயே இணைந்தது.

பேராயர் அவர்களே, நம்முடைய திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் கூடிப் பிறந்தது. மேற்சொன்ன மூன்று உலக அமைப்புகளிலும் நாம் உறுப்பினர். அதாவது ஒரு வாசல் வழியாக அல்ல, மூன்று வாசல்கள் வழியாக இந்த உடன்பாடு நம் வீட்டுக்குள் வந்திருக்கிறது. தரங்கம்பாடி மரபில் வந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையோ கையொப்பமிட்ட சம்மேளனத்திலேயே இருக்கிறது. ஆயர் அவர்களே, தங்கள் திருச்சபையோ நேரடியாகவே கையொப்பமிட்டது. அப்படியிருந்தும் என் அறுபத்தெட்டு வயதுக்குள் எங்கள் ஊரின் எந்தப் பிரசங்க பீடத்திலிருந்தும் இந்த அறிக்கையின் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. ஒரு நூலகத்தில் தற்செயலாகக் கண்டேன். கன்வென்ஷன் பந்தலுக்கு ஒலிபெருக்கி கட்டவும் திருவிழாக் கொடியேற்றத்துக்கு வெடி வாங்கவும் வசூலித்த பணத்தில் ஒரு துளி போதும், அந்தப் பத்தியைத் துண்டுத்தாளாக அச்சிட்டு வீட்டுக்கொன்று கொடுக்க.

வேறுபாடே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லும் மழுப்பல் ஒற்றுமை எனக்கும் பிடிக்காது. நீதிமானாக்கப்பட்டவன் உள்ளபடியே மாற்றப்பட்டுவிடுகிறான் என்பது கத்தோலிக்கரின் அழுத்தம்; அவன் சாகும்வரை ஒரே வேளையில் நீதிமானும் பாவியுமாய் இருக்கிறான் என்பது லூத்தரின் அழுத்தம். அருளால் செய்யும் நற்செயலுக்குப் பேறுபலன் உண்டா, இரட்சிப்பின் நிச்சயம் எவ்வளவு தூரம் சாத்தியம், இறந்தபின் ஆன்மா தூய்மையாகும் உத்தரிக்கிற ஸ்தலம் உண்டா என்பவற்றில் இன்னும் முழு உடன்பாடில்லை. என் தாயாருக்கு முப்பதாம் நாள் பூசை வைத்தபோது நான் கோயிலின் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். அவர் ஆன்மா இளைப்பாற்றிக்காக எல்லாரும் செபித்த வேளையில் என் வாய் திறக்கவில்லை. பெற்ற தாய்க்காகவே ஆனாலும் என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. அதைப் பார்த்த அன்றைய பங்குத்தந்தை, பூசை முடிந்ததும் என்னிடம் வந்து, உங்கள் அம்மா உங்களுக்காகச் செபிப்பார் என்று மட்டும் சொன்னார். அதையும் நான் நம்புவதில்லை; ஆனால் அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. நான் எதை ஏற்கவில்லை என்பதை அவர் சரியாகத் தெரிந்துவைத்திருந்தார், அவர் எதை நம்புகிறார் என்பதை நான் தெரிந்துவைத்திருந்தேன். அந்த நேர்மையான வேறுபாட்டைத்தான் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள் என்கிறேன்.

பிணக்கில் பாதி நம் சொற்களால் வந்தது என்பதும் என் எண்ணம். வீரமாமுனிவர் தரங்கம்பாடி லுத்தரன்களை மறுத்து நூல் எழுதிய 18ஆம் நூற்றாண்டிலிருந்தே, ஒரே நற்செய்தியை இரண்டு தமிழில் பேசிப் பழகிவிட்டோம். இங்கே இரட்சிப்பு, அங்கே மீட்பு. இங்கே கிருபை, அங்கே அருள். இங்கே கிரியை, அங்கே நற்செயல். கிரியை என்றதும் எங்கள் மக்கள் காதில் சடங்கும் பரிகாரமும் ஒலிக்கின்றன. நற்செயல் என்றதும் அவர்கள் காதில் ஏழைக்கு இடும் சோறு ஒலிக்கிறது. கிரியை வேண்டாம் என்று இங்கே சொல்வது, ஏழைக்குச் சோறு வேண்டாம் என்பதாக அங்கே போய்ச் சேர்கிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் பவுல் "நீதிமானாக்கப்படுகிறான்" என்கிறார். ஆக்கப்படுதல் என்ற அந்தச் சொல் கத்தோலிக்கரின் விளக்கத்துக்கே அதிகம் இடங்கொடுக்கிறது. கத்தோலிக்கர் கோயிலில் இன்று வாசிக்கும் பொது மொழிபெயர்ப்போ கடவுளுக்கு "ஏற்புடையவர்" ஆவதைப் பேசுகிறது. அது லூத்தரின் பக்கம் சாய்கிறது. அவரவர் சொல்லை அடுத்தவர் வீட்டில் விட்டுவிட்டு நின்று சண்டையிடுகிறோம்.

எபேசியர் இரண்டாம் அதிகாரத்தை எங்கள் பிள்ளைகள் ஒன்பதாம் வசனத்தோடு நிறுத்தி மனப்பாடம் செய்கிறார்கள்: "ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல." நற்கிரியைகளுக்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்னும் பத்தாம் வசனம் தேர்வில் வருவதில்லை. அவர்கள் பிள்ளைகளோ, ஆபிரகாம் செயல்களினால் நீதிமானானார் என்னும் யாக்கோபின் இரண்டாம் அதிகாரத்தை ஒப்பிக்கிறார்கள். ரோமர் நான்காம் அதிகாரத்தில் அதே ஆபிரகாம் விசுவாசத்தினால் நீதிமானானார் என்று பவுல் சொன்னது அவர்களுக்குத் தெரியாது. என் பேத்திகள் இருவரும் சேர்ந்து வாசித்தால்தான் ஒரு முழு வேதாகமம் வாசித்ததாகும் போலிருக்கிறது.

ஆகவே தங்கள் இருவரிடமும் நான் கேட்பவை இவை. திடப்படுத்தல் வகுப்புக் குறிப்பிலுள்ள அந்தக் கேள்வியையும் விடையையும் நீக்கி, அந்த இடத்தில் திரெந்து ஆணையின் முதல் விதியைச் சேர்க்குமாறு பேராயர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் ஆறாம், இருபதாம் பிரிவுகளைத் தமிழில் கொடுத்து, லூத்தரின் வரியைச் சொல்வதானால் முழுவதுமாகச் சொல்லவேண்டும் என்று அறிவுறுத்துமாறு ஆயர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டறிக்கையின் 15ஆம் பத்தியைத் தங்கள் இருவரின் கையொப்பத்தோடு துண்டுத்தாளாக அச்சிட்டு, வருகிற அக்டோபர் கடைசி ஞாயிறன்று இரு கோயில்களிலும் வாசிக்கச் செய்யுங்கள். இரு பக்கத்து ஞாயிறு பள்ளி, மறைக்கல்வி ஆசிரியர்களையும் ஆண்டுக்கு ஒரு நாளாவது ஒன்றாக உட்காரவைத்து, அவரவர் விசுவாசத்தை அவரவர் வாயாலேயே மற்றவருக்கு விளக்கச் செய்யுங்கள். எஞ்சியுள்ள வேறுபாடுகளையும் அங்கேயே வெளிப்படையாகப் பேசட்டும். சனவரி கூட்டுச் செபத்தை நிறுத்திய இரு தீர்மானங்களையும் தள்ளுபடி செய்து, முறைப்படி அடுத்ததாக எங்கள் கோயிலில் நடக்கவேண்டிய அந்த மாலை நடக்க ஆணையிடுங்கள். தாங்கள் இருவரும் நேரில் வந்தால் நல்லது. வர இயலாவிட்டால் எழுத்துப்பூர்வமான பதிலையாவது டிசம்பர் முதல் வாரத்துக்குள் எதிர்பார்க்கிறேன்.

கடைசியாக, என் பேத்தியின் தேர்வுத்தாளின் நகலை இத்துடன் மீண்டும் இணைத்திருக்கிறேன். ஏழாம் கேள்விக்கு அவளுக்குச் சேரவேண்டிய ஒரு மதிப்பெண்ணைக் கொடுத்து, திருத்தியவரின் கையொப்பத்தோடு திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர்